கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்

1992 ஆம் ஆண்டு மாரி தொடங்குகிற நேரம், லண்டனிலிருந்து எங்கள் கரவெட்டி வீட்டுக்கு ஒரு கசெற் வந்து சேர்ந்தது. மாமா கொடுத்துவிட்டது. கொழும்பு வரை ஒருவர், வவுனியா வரை இன்னொருவர், அதன் பிறகு கிளாலிக் கடலேரியில் இரவு வள்ளம் என்று கைமாறிக் கைமாறி வந்ததில் பிளாஸ்ரிக் கூடு ஒரு மூலையில் உடைந்திருந்தது. நாடாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த மட்டையில் மாமாவின் சரிந்த கையெழுத்து: “ஜோன் ஃபோல்ட்ஸ். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. லைப்ரரித் தட்டிலையிருந்து பதிஞ்சது. தம்பிக்கு.” அந்தத் தம்பி நான். வயலின் தொட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

கசெற் வந்துவிட்டது, போட்டுக் கேட்க மின்சாரம் இல்லை. 1990 இல் சண்டை மறுபடி மூண்டபோது நின்ற மின்சாரம். பற்றரி, தடைசெய்த சாமான்களின் பட்டியலில் இருந்தது. ஊர் முழுக்கச் செய்ததையே நாங்களும் செய்தோம். அப்பாவின் லுமாலாச் சைக்கிளை ஸ்ராண்டில் தூக்கி நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை உரசவிட்டு, நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் பற்றவைத்த சின்னத் தகட்டுக்கூடாகக் கசெற் பிளேயருக்குக் கரண்ட் கொடுத்தோம். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்கலாம். மிதிக்கிறவன் களைத்தால் பாட்டும் களைக்கும். கால் தளர்ந்தால் சுருதி இறங்கும், ஊன்றி மிதித்தால் மீண்டும் ஏறும்.

அன்றிரவு மிதித்தது நான். விறாந்தையில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. அம்மப்பா சாக்குக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இளவயதில் வடமராட்சிக் கோயில் திருவிழாக்களில் ஏறிய இசை நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவர். விடிய விடிய நடக்கும் அரிச்சந்திரனுக்கும் வள்ளி திருமணத்துக்கும் பக்கப்பாட்டுக்காரரோடு மேடையோரத்தில் இருந்த கை. அந்தக் கைக்கு முன்னால் நான் எப்போதும் கொஞ்சம் பயத்தோடுதான் வயலினை எடுப்பேன்.

நாடா சுழன்றது. நாலு தந்தி வாத்தியங்கள், மிருதங்கம் இல்லை, தம்புரா இல்லை. எனக்கு முதலில் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. பிறகு ஓரிடத்தில் வயலின் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகப் புறப்பட்டு, போய்ச் சேராமல் நடுவழியில் நின்றது. கரண்ட் குறைந்துவிட்டது என்று நினைத்து மிதியைக் கூட்டினேன். மற்ற வாத்தியங்கள் சேர்ந்து மேலே ஏறின. அந்த நடுச்சுரம் அவற்றுக்குள் அப்படியே நடுவில் இருந்தது.

“சைக்கிளிலை பிழை இல்லை மோனை” என்றார் அம்மப்பா. “உவங்கள் வேணுமெண்டுதான் வாசிக்கிறாங்கள். சுருதி விலகேல்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலை போய் நிக்கிறாங்கள்.”

அவர் காதால் அறிந்ததை நான் எழுத்தில் படித்தறிய இன்னும் பன்னிரண்டு வருடம் பிடித்தது. அந்த நடுச்சுரம் எங்கிருந்து அந்தத் தட்டுக்கு வந்தது என்று தேடப் போய்க் கிடைத்ததுதான் இந்தக் கதை.

தட்டின் உறையைப் பார்த்தால் பிறந்த இடம் இங்கிலாந்து. ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கினால் பாதிக் கதை வெளியே நின்றுவிடும். நான் சென்னை அடையாற்றில் தொடங்குகிறேன்.

மோட் மக்கார்த்தி 1882 இல் அயர்லாந்தின் குளொன்மெல் என்ற ஊரில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே வயலின் மேதை என்று பெயர் எடுத்து, லண்டனின் பெரிய மேடைகளில் வாசித்தவர். இருபதுகளின் தொடக்கத்திலேயே கைநரம்பில் நோவு வந்தது. கச்சேரி வாழ்க்கை அத்தோடு நின்றது. பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்ட அவர், அன்னி பெசன்ட் அம்மையார் சபையின் தலைவரான 1907 ஐ ஒட்டி இந்தியா வந்து 1909 வரை தங்கினார். சபையின் தலைமையகம் அடையாற்றில். வில்லைப் பிடிக்க முடியாத அந்தப் பெண், தெற்கிலும் வடக்கிலும் குரலால் நம் சங்கீதம் கற்றுக்கொண்டார்.

அவர் வந்து இறங்கிய ஊரில் அவருடைய வாத்தியம் ஏற்கெனவே குடியேறி நூறு வருடம் ஆகியிருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவும் ஐரோப்பியர் கையில் இருந்த வயலினை வாங்கி, நிலத்தில் சம்மணமிட்டு இருத்தி, தலையைக் கால் பக்கம் சாய்த்து, கமகம் பேச வைத்துவிட்டார்கள். 1834 இல் சுவாதித் திருநாள் மகாராஜா வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன வயலினே பரிசளித்தார். மோட் வந்த காலத்தில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணையர் வாசித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி இங்கே வேறு பாஷை பழகியிருந்தது. ஒரு வயலின்காரிக்கு அதைக் காதில் கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தன் பிள்ளை வேறு ஊரில் வளர்ந்து வேறு மொழி பேசுவதைக் கேட்கிற தாய்க்கு இருப்பதுபோல இருந்திருக்கலாம்.

அவர் திரும்பிப் போகும்போது கொண்டுபோனது சுருதி என்ற கருத்தை. பியானோவிலும் ஆர்மோனியத்திலும் ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு இடங்கள்தான். வாய்ப்பாட்டுக்கு அது போதாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அது பன்னிரண்டு கட்டைகளில் எந்த ஒரு கட்டையிலும் இல்லை. பழைய நூல்கள் ஸ்தாயியை 22 சுருதிகளாகப் பிரித்தன. மோட் அந்த 22 ஐயும் குரலில் பிரித்துக் காட்டக்கூடியவர் என்று பெயரெடுத்தார். 1912 இல் லண்டன் இசைச் சங்கத்தில் இந்திய இசைக் கருத்துகள் பற்றி உரை நிகழ்த்தினார். விரிவுரை மேசையில் நின்று பாடியும் காட்டிய பெண் அவர்.

இந்தச் சுருதிக் கணக்கு அந்தக் காலத்தில் தமிழருக்குள்ளேயே சூடான விஷயம். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டு, ஸ்தாயிக்கு 22 அல்ல, சமமான 24 என்று வாதித்தார். 1916 இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மகாநாட்டுக்குத் தன் பெண்களையே அழைத்துப்போய் மெய்ப்பித்துக் காட்டினார். நம் பக்கத்தில் காரைதீவு விபுலானந்த அடிகள் 1947 இல் அரங்கேற்றிய ‘யாழ் நூல்’ 22 அலகு வழி நின்றது. எது சரி என்ற வழக்கில் நான் இப்போது இறங்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பண்டிதர் சொன்ன 24 ஐ ஐரோப்பிய இசைக்காரனிடம் சொன்னால், அவன் அதைக் கால் சுரம் என்பான். அவனுடைய அரைச் சுரத்தைச் சரிபாதியாக வெட்டினால் வருவது அது. பண்டிதர் தஞ்சாவூரில் அச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், லண்டனில் ஒருவர் அந்தக் கால் சுரத்தைச் செலோவின் தந்தியில் தேடிக்கொண்டிருந்தார். 1915 இல் மோட் அவரைச் சந்தித்தார்.

ஜோன் ஃபோல்ட்ஸ் மான்செஸ்ரரில் ஹியூம் என்ற தொழிலாளர் பகுதியில் 1880 இல் பிறந்தவர். தகப்பன் ஹலே இசைக்குழுவில் பசூன் ஊதியவர். மகன் 1900 இல் அதே குழுவில் செலோக்காரனாகச் சேர்ந்தார். பல்கலைக்கழகம், இசைக் கல்லூரி எதுவும் கிடையாது. கையால் கற்றவர். கால் சுரத்தை 1898 இலேயே, பதினெட்டு வயதுக்குள், ஒரு நால்வர் இசையில் போட்டுப் பார்த்ததாக அவரே பின்னால் எழுதினார். ஆக, கால் சுரம் அவருக்கு அடையாற்றிலிருந்து வரவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் எங்களிடமிருந்துதான் போனது என்கிற பழைய பல்லவியில் போய் முடியும்.

மோட் கொடுத்தது வேறு, என் கணிப்பில் அதைவிடப் பெரியது. ஒரு ராகத்துக்குள் இருந்துகொண்டே ஒருவன் உலகம் முழுவதையும் சொல்லிவிடலாம் என்கிற நம்பிக்கை. ஐரோப்பிய இசையில் ஒரு சுரவரிசையில் தொடங்கி, வேறு சுரங்களை வேண்டிய இடத்தில் சேர்த்து, இன்னொரு வரிசைக்கு மாறிப் போவதுதான் வழக்கம். நம்மில் அது அன்னிய சுரம். கல்யாணியில் சுத்த மத்திமம் விழுந்தால் முன்வரிசையில் இருக்கிற கிழவர் முகத்தைச் சுளிப்பார். ஃபோல்ட்ஸ் அந்தக் கிழவருக்குக் கட்டுப்பட்டு எழுதத் தொடங்கினார். 1928 இல் பாரிஸில் அச்சான அவருடைய பியானோப் படைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரவரிசை. அன்னிய சுரத்துக்கு உள்ளே வழி இல்லை. 1934 இல் எழுதிய இசை நூலில் 90 வரிசைகளை அட்டவணையாகப் போட்டார். வேங்கடமகியின் 72 மேளங்களை அறிந்த எவரும் அந்த அட்டவணையைப் பார்த்தால் உறவுக்காரரைக் கண்டதுபோல நிற்பார்கள்.

இடையில் அவர் புகழின் உச்சிக்கும் போய் வந்தார். முதல் உலகப் போரில் இறந்த எல்லா நாட்டவருக்குமாக அவர் எழுதிய ‘உலக நினைவஞ்சலி’, 1923 நவம்பர் 11 இரவு லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடகரும் வாத்தியக்காரரும் கூடி நிகழ்ந்தது. 1926 வரை வருடந்தோறும் நடந்தது. பிறகு நிறுத்திவிட்டார்கள். மனமுடைந்த ஃபோல்ட்ஸ் 1927 இல் பாரிஸ் போனார். அங்கே ஊமைப் படங்களுக்குப் பியானோ வாசித்துச் சாப்பிட்டார். லண்டனில் அவர் பெயரைக் காப்பாற்றியது ‘கெல்ற்றிக் லமென்ற்’ என்ற ஒரு மெல்லிசைத் துண்டு மட்டும். ஓட்டல்களிலும் பூங்காக்களிலும் அதைத்தான் கேட்டார்கள். அடிமனதில் வைத்திருந்ததை யாரும் கேட்கவில்லை.

அடிமனதில் இருந்தது 1931 க்கும் 1932 க்கும் இடையில் வெளியே வந்தது. ‘குவார்ட்டெற்றோ இன்டிமோ’. அவர் கணக்கில் ஒன்பதாவது நால்வர் இசை. ஐந்து பகுதி, ஏறத்தாழ அரைமணி நேரம். இன்டிமோ என்றால் நெருக்கமானது, வீட்டுக்குள்ளானது. மண்டபத்தை ஆயிரம் குரலால் நிரப்பியவர் இப்போது நாலு பேரை ஓர் அறைக்குள் இருத்தினார். நாடாவில் எங்கள் விறாந்தைக்கு வந்தது இதுதான். சுரவரிசைக் கட்டுப்பாடும் கால் சுரமும் இதில் ஒரே வீட்டில் வாழ்கின்றன. கால் சுரத்தை அவர் புதுமை காட்டுவதற்காக அள்ளித் தெளிக்கவில்லை, சொல் முட்டுப்படுகிற இடங்களில் மட்டும் வைத்தார். நாதஸ்வரக்காரர் ஒரு பிடியில் உதட்டைக் கொஞ்சம் தளர்த்துவாரே, அந்த அளவு.

1935 இல் இன்னொரு நால்வர் இசையைத் தொடங்கினார், ‘ஜெனியாலே’. அதே வருடம் துணைவியான மோட்டோடும் இரண்டு பிள்ளைகளோடும் இந்தியாவுக்குக் கப்பலேறினார். பஞ்சாபில் நாட்டார் பாடல்களைத் திரட்டினார். 1937 இல் டில்லியில் அகில இந்திய வானொலியின் ஐரோப்பிய இசைப் பொறுப்பு கிடைத்தது. நம் வாத்தியக்காரர்களைக் கூட்டி, எழுதிய சுரத்தைப் பார்த்து வாசிக்கப் பழக்கி, அவர்களுக்கென்றே இசை எழுதி ஒரு குழுவை நடத்தினார். இருபது வருடம் காகிதத்தில் தேடியது கடைசியில் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. 1939 ஏப்ரலில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனிக்கக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். போய்ச் சேர்ந்து ஒரு கிழமைக்குள் வாந்திபேதி. 25 ஆம் திகதி விடியுமுன் போய்விட்டார். வயது 58.

மோட் இந்தியாவிலேயே துறவு பூண்டு சுவாமி ஓமானந்த புரி என்ற பெயரில் வாழ்ந்தார். 1967 இல் இறந்தார். ஃபோல்ட்ஸின் கைப்பிரதிகள் கடைசியில் இங்கிலாந்தில் மகள் வீட்டு வாகனக் கொட்டகையில், சவப்பெட்டி அளவான இரண்டு பெட்டிகளில் கிடந்தன. எலியும் எறும்பும் வேலையைக் காட்டியிருந்தன.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்குச் சிறுப்பிட்டிச் சி.வை. தாமோதரம்பிள்ளைதான் நினைவுக்கு வந்தார். தொட்டால் ஒடியும் ஏடு, கட்டை அவிழ்த்தால் இதழ் முறியும் என்று அவர் நொந்துகொண்டு நூல்களை மீட்ட கதையை எங்கள் ஆசிரியர்கள் சொல்லித்தான் வளர்ந்தோம். ஃபோல்ட்ஸுக்கு வாய்த்த தாமோதரம்பிள்ளை ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், மல்கம் மக்டொனால்ட். ‘ரெம்போ’ என்ற இசைச் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர். 1970களின் நடுவில் இருபத்தைந்து வயதைச் சுற்றிய இளைஞர். பிரித்தானிய நூலகத்தில் கிடைத்த சில கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்துத் திகைத்து, மகளைத் தேடிப் போய், அந்தப் பெட்டிகளைத் திறந்தார். 1975 இல் ஃபோல்ட்ஸின் வாழ்வும் இசையும் பற்றி ஒரு நூலை எழுதினார். அவர் வராமல் இருந்திருந்தால் பெட்டிகள் இன்னொரு பத்து வருடத்தில் எருவாகியிருக்கும்.

பெட்டிக்குள் ‘இன்டிமோ’ முழுதாக இருந்தது. ‘ஜெனியாலே’யில் முழுதாகத் தப்பியது ஒரே பகுதி, நிதானமாகவும் அமைதியாகவும் போகிற நடுப்பகுதி. கிழக்கையும் மேற்கையும் இணைத்து இந்தியாவில் எழுதிய ஒரு சிம்பொனி பெயராக மட்டும் மிஞ்சியது.

அடுத்துத் தேவைப்பட்டது நாலு பேர். அது சின்ன விஷயமல்ல. நால்வர் இசையில் கைகாட்டி நடத்துகிறவர் இல்லை. நாலு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். கால் சுரம் என்றால் அதிலும் கஷ்டம். தனியாக வாசிக்கிறவன் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கேட்பவர் மன்னிப்பார். நாலு பேர் ஒன்றாகப் போய் நடுவில் நிற்கும்போது ஒருவன் மயிரிழை பிசகினாலும் அது புதுமையாகக் கேட்காது, அபசுரமாகத்தான் கேட்கும். புகழ்பெற்ற குழுக்களுக்கு இந்தத் தொல்லை தேவையும் இருக்கவில்லை. அதே இங்கிலாந்தில் பெஞ்சமின் பிரிட்டன் 1976 டிசம்பரில் இறந்தபோது, அவருடைய மூன்றாவது நால்வர் இசையை அமடியஸ் குழு இரண்டே கிழமையில் மேடையேற்றியது. பெயருள்ளவருக்கு வாசல் திறந்தே இருக்கும். ஃபோல்ட்ஸ் இறந்து நாற்பது வருடம்.

1979 இல் இளைஞர் நால்வர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். கோர்ன்வோல் கரையில் இசைவிழா நடக்கும் செயின்ற் எண்டெலியன் என்ற கிராமத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள், எண்டெலியன் குவார்ட்டெற். அவர்கள்தான் இதை எடுத்தார்கள். தட்டை வெளியிட்டது பேர்ள் என்ற சின்னக் கம்பனி. பழைய அரக்குத் தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி ஒலிக்கச் செய்ததில் பேரெடுத்தது. 1980களின் தொடக்கத்தில் ‘இன்டிமோ’வும், ‘ஜெனியாலே’யில் மிஞ்சிய அந்த அமைதிப் பகுதியும், ‘அக்குவாரெல்’ என்ற பழைய மூன்று துண்டுகளும் ஒரே தட்டில் வந்தன. எழுதி ஐம்பது வருடம் கழித்து அந்த நால்வர் இசை முதல்முறையாகத் தட்டானது. முதல் தட்டு என்ற எண்ணம் வரவே வராதபடி, ஐம்பது தரம் மேடையில் வாசித்தவர்கள் போல வாசித்திருக்கிறார்கள். நடுச்சுரங்களில் தடுமாற்றம் இல்லை, பயம் இல்லை. பின்னாளில் 2000களில் சகாரி ஓராமோ பேர்மிங்காம் சிம்பொனிக் குழுவைக் கொண்டு ஃபோல்ட்ஸின் பெரிய படைப்புகளை வெளியே கொண்டுவந்தார். ஆனாலும் என்னைக் கேட்டால் ஃபோல்ட்ஸை அறிய வாசல் அந்த நால்வர் தட்டுத்தான்.

அந்தத் தட்டு வந்த காலத்தை ஒட்டி, 1981 ஜூன் முதலாம் திகதி இரவோடு இரவாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள், அவற்றோடு ஏடுகள். எங்கோ ஒரு கொட்டகையில் எலி கடித்த காகிதம் இசையாக எழும்பிய காலத்தில் எங்கள் பெட்டிகள் சாம்பலாயின. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க எனக்கு முடிவதில்லை.

ஒரு விஷயத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன், எனக்கு நோகிற விஷயம் அது.

டில்லி வானொலியில் இருந்தபோது 1938 இல் ஃபோல்ட்ஸ் ஆர்மோனியத்தைப் பற்றி வானொலியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆர்மோனியம் இந்திய இசையைக் கெடுக்கிறது, பன்னிரண்டு கட்டைகளுக்குள் சுருதிகளை நசுக்கிக் கொல்கிறது என்பது சாரம். அவர் மட்டும் சொன்னதல்ல. வடமராட்சிக் கெருடாவிலில் வேர் கொண்ட குமாரசுவாமி குடும்பத்தின் ஆனந்த குமாரசுவாமி முப்பது வருடத்துக்கு முந்தியே ஆர்மோனியத்தையும் கிராமபோனையும் எதிர்த்து எழுதியவர். தாகூருக்கும் அந்தப் பெட்டி ஆகாது. வானொலியின் தலைவர் லயனல் ஃபீல்டன் 1940 மார்ச் முதலாம் திகதி ஆர்மோனியத்தை நிலையங்களிலிருந்து வெளியேற்றினார். ஃபோல்ட்ஸ் அப்போது உயிரோடு இல்லை. தடை 1970கள் வரை தளரவில்லை.

திருச்சி நிலையம் 1939 இல் தொடங்கியது முதல் யாழ்ப்பாணம் முழுவதும் அதற்குக் காது கொடுத்து வளர்ந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மப்பா திருச்சியில் கச்சேரி கேட்டுத்தான் தன் வித்தையைத் தீட்டிக்கொண்டார். தான் வாசிக்கிற வாத்தியம் அந்த றேடியோவுக்குள் நுழைய முடியாதென்று தெரிந்துகொண்டே கேட்டார். பாடகர் “எனக்கு ஐஞ்சு கட்டை” என்று சொன்னால் அந்தக் கட்டை ஆர்மோனியக் கட்டைதான். பேச்சில் வாழ்ந்த வாத்தியத்துக்கு நிலையத்தில் இடம் இல்லை. இங்கே காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி.வி. வைரமுத்து மயான காண்டத்தில் சுடலை காத்துப் பாடி ஊர்களை அழவைத்த ஆயிரக்கணக்கான இரவுகளில், அவர் குரலைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பெட்டிதான். அதை இசையின் எதிரி என்று சொன்னவர், சுருதிக்காகவே வாழ்ந்து செத்த ஃபோல்ட்ஸ். அவர் சொன்ன காரணம் சரி. கட்டையில் கமகம் இல்லை. அதைக் கொண்டு அவர் வந்து நின்ற முடிவு தவறு என்று நான் நினைக்கிறேன். வாத்தியத்தைப் பார்த்தார், அதன் மேல் இருக்கிற விரலைப் பார்க்கவில்லை.

இதைச் சொல்ல எனக்குத் தைரியம் தருவது அந்த இரவுதான்.

‘இன்டிமோ’வின் அந்த இடம் மூன்றாம் தரம் கடந்தபோது அம்மப்பா எழும்பி உள்ளே போனார். துணி போர்த்திச் சுவரோரம் இருந்த ஆர்மோனியத்தைத் தூக்கிவந்து விறாந்தையில் வைத்தார். துருத்தி ஓரத்தில் பூச்சி அரித்திருந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு காற்றடித்தார். நாடாவில் வயலின் நின்ற சுரத்தைத் தேடினார். இந்தக் கட்டையை அமத்தினார், மேலே போய்விட்டது. பக்கத்துக் கட்டையை அமத்தினார், கீழே போய்விட்டது. நான் மிதித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியால் முடியாது என்றுதான் நினைத்தேன்.

அவர் மேல் கட்டையில் விரலை வைத்து முழுதாக அமத்தாமல் கால்வாசி மட்டும் தாழ்த்தினார். மூடி கொஞ்சம்தான் திறந்தது, ரீட் நாக்குக்குக் காற்று பற்றவில்லை. சுரம் முனகி, மெலிந்து, இடத்தை விட்டுச் சற்றே இறங்கியது. விரலை இன்னும் ஒரு நூல் உயர்த்தினார். இன்னும் இறங்கியது. மேடையில் சந்திரமதி பிள்ளையைத் தூக்கி அழுகிற நேரம் அவர் இப்படிச் செய்வாராம். ஒருவரும் சொல்லிக் கொடுத்ததல்ல என்றார். சத்தம் குறைந்துதான் வரும், முன்வரிசைக்குத்தான் கேட்கும்.

நாடாவில் நால்வரும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அம்மப்பாவின் விரல் மட்டும் பாதித் திறந்த கட்டையில் இருந்தது.

“திருப்பிப் போடு மோனை” என்றார். “இந்தமுறை ஒரே சீரா மிதி.”